குறிப்போடு நேரத்தையும் அனுப்புங்கள்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பினாங்கில் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் எல்லாம் சமையலறையாகிவிடும். "ரொம்ப ஈசிலா! ஒரு கப் மாவு, கொஞ்சம் சந்தான் (தேங்காய்ப்பால்), ஆறினதும் பிள்ளைங்களையே வெட்டச் சொல்லு" என்று ஒரு தோழி எழுதுவார். அடுத்த நிமிடம் அது நாற்பது பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். விளையாட்டாகச் செய்து பகிர்ந்து உண்பது நல்ல பழக்கம். ஆனால் கை மாறும்போது குறிப்பிலிருந்து முதலில் உதிர்வது எடை. அடுத்து மாவின் சரியான பெயர். கடைசியாக, யாரும் கவனிக்காமலே, நேரம். எடை தவறினால் பலகாரம் கெடும். நேரம் தவறினால் விருந்துக்கு வந்தவர்களின் வயிறு கெடும்.

ஓண்டே-ஓண்டேயை எடுத்துக்கொள்வோம், உள்ளே சர்க்கரை வைத்து வேகவைத்துத் தேங்காய்த் துருவலில் புரட்டும் உருண்டை. பிள்ளைகளோடு உருட்ட இதைவிடக் கலகலப்பான பலகாரம் இல்லை. புலுட் (ஒட்டும் அரிசி) மாவு 250 கிராம், வெதுவெதுப்பான பாண்டான் (ரம்பை இலை) சாறு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர், பொடியாக நறுக்கிய குலா மலாக்கா (தென்னஞ் சர்க்கரை) 100 கிராம், துருவிய தேங்காய் 150 கிராம், உப்பு கால் தேக்கரண்டி. இதில் 30 உருண்டை வரும். "கப்" என்று எழுதாதீர்கள். அளவுக் கப் 250 மில்லிலிட்டர். வீட்டில் மைலோ குடிக்கும் குவளை அதைவிடப் பெரிதாகவும் இருக்கும், சிறிதாகவும் இருக்கும். மாவு வாங்கும்போது பொட்டலத்தில் "தெப்போங் புலுட்" என்று இருக்கிறதா பாருங்கள். பக்கத்திலேயே இருக்கும் "தெப்போங் பெராஸ்" சாதாரணப் பச்சரிசி மாவு. அதில் உருட்டினால் இழுவை இருக்காது, கொதிநீரில் வெடித்துப் பிளக்கும்.

சாற்றை முழுவதும் ஒரே தடவையில் ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். மாவு காது மடல் போல மென்மையாக வரவேண்டும். ஓரம் வெடித்தால் ஒரு தேக்கரண்டி சாறு போதும். 15 கிராம் மாவுக்குள் 3 கிராம் சர்க்கரை. சர்க்கரைக் கட்டி பெரிதாக இருந்தாலோ, நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு வந்துவிட்டாலோ, பாகு தண்ணீரில் கசிந்து உருண்டை உள்ளே வெறுமையாகிவிடும். கொதிநீரில் போட்டு, மேலே மிதந்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். மிதந்த உடனே எடுத்தால் உள்ளே சர்க்கரை உருகியிருக்காது. தேங்காய்த் துருவலை உப்புச் சேர்த்து 10 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். பச்சைத் துருவல் நம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். ஆவி அதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இந்தப் பலகாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. வெளியே வைத்தால் தேங்காய் கெடும், குளிர்ப்பெட்டியில் வைத்தால் புலுட் மாவு இறுகிக் கல்லாகும். அதனால் முதல் நாளே செய்து வைக்கிற பலகாரம் இது இல்லை. மாவைப் பிசைந்து, சர்க்கரையை நறுக்கித் தயாராக வைத்துக்கொண்டு, விருந்தினர் வரும் நேரத்துக்கு வேகவைப்பதுதான் சரி.

அகார்-அகார் (கடற்பாசி ஜெல்லி) வேறு வகை. அது 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். அதனால்தான் பினாங்கு மத்தியானத்திலும் தட்டில் நிற்கிறது. ஜெலட்டின் அப்படியல்ல, நம் வெயிலிலேயே தளர்ந்து ஓடும். அதோடு ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சைவ நண்பரும் முஸ்லிம் நண்பரும் ஒரே மேசையில் உட்காரும் ஊர் இது. குறிப்பில் "ஜெல்லி" என்று மட்டும் எழுதினால் அது எந்த ஜெல்லி என்று அவர்களுக்குத் தெரியாது. வேகவைக்காத அன்னாசி போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது, பழத்தில் உள்ள நொதி அதன் புரதத்தைச் சிதைத்துவிடும். அகார் கடற்பாசியிலிருந்து வருவது, அதில் அன்னாசி தாராளமாகப் போடலாம்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது சங்குப்பூ அகார். 25 பூக்களை 500 மில்லிலிட்டர் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டினால் நல்ல நீலம். மருந்தடிக்காத செடியின் பூவாக இருக்கவேண்டும். 5 கிராம் அகார் தூள், 60 கிராம் சர்க்கரை சேர்த்து, தூள் முழுதும் கரையும்வரை கொதிக்கவிட்டு இறக்குங்கள். பாதியைத் தனியே ஊற்றி லிமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை) சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் ஊதாவாக மாறும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் அந்தச் சாற்றை விடவேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அகார் வலுவிழந்து கொழகொழவென்று நிற்கும். மேல் அடுக்குக்கு 350 மில்லிலிட்டர் தண்ணீரில் 5 கிராம் அகாரைக் கொதிக்கவைத்துக் கரைத்த பிறகு, 150 மில்லிலிட்டர் கெட்டித் தேங்காய்ப்பால், சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து லேசாகக் கொதி வரும்போது இறக்குங்கள். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரியும். கீழ் அடுக்கைத் தொட்டால் விரலில் சற்று ஒட்டவேண்டும், அப்போது கரண்டியின் முதுகில் மெல்ல ஊற்றுங்கள். கீழ் அடுக்கு முழுதும் ஆறிப்போயிருந்தால் வெட்டும்போது இரண்டும் தனித்தனியே வழுக்கும்.

உறைந்துவிட்டது என்பதால் அது கெடாது என்று நினைப்பதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. தேங்காய்ப்பாலில் புளிப்பு இல்லை. நீரும் புரதமும் இனிப்பும் இருக்கின்றன. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகுகின்றன. ஏதுவான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் வகைகளும் உண்டு. சமைத்த உணவை 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள் என்று மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லிவருகிறது. அந்த 4 மணி நேரம் அடுப்பை அணைத்ததிலிருந்து தொடங்குகிறது, விருந்தினர் வந்ததிலிருந்து அல்ல. தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் செய்து, காரில் வைத்து, பாலத்து நெரிசலில் அக்கரைப் பட்டர்வொர்த் போய்ச் சேரும் நேரமும் அதில் அடங்கும். சந்தான் சேர்ந்த அகாரைக் குளிர்ப்பெட்டியிலிருந்து நேராக ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள்.

சோற்றில் ஆபத்து இன்னும் மறைவானது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாது. காலையில் சமைத்த நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) பெரிய பானையில் மூடி வைத்தால், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். வித்துகள் முளைத்து நஞ்சு உண்டாக்க அது போதும். அந்த நஞ்சு சூட்டில் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டேன்" என்பது இங்கே உதவாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கும். மீந்த சோற்றை 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் உடனே குளிர்ப்பெட்டியில் வையுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்துக்குப் பாட்டிமார் கட்டிக்கொண்டு போன புளிச்சோறு தாங்கியது புளியின் தயவால். தேங்காய்ச் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

பரிசாகக் கொடுக்கும் பூண்டு எண்ணெய்ப் போத்தலைப் பற்றியும் சொல்லவேண்டும். பூண்டில் ஒட்டியிருக்கும் மண்ணில் போட்டுலிசம் என்னும் கொடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்து இருக்கலாம். எண்ணெய்க்குள் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. அதற்கு வேண்டிய இடம் அதுதான். மணத்திலும் ருசியிலும் அந்த நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. குளிர்ப்பெட்டியில் 4 நாள், அதற்கு மேல் வேண்டாம். அலமாரியில் அழகுக்கு வைக்கவே கூடாது.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் ஊட்டாதீர்கள். வேகாத பிஸ்கட் மாவைப் பிள்ளைகள் நக்கிப் பார்ப்பதையும் தடுங்கள். பச்சை முட்டையில் மட்டுமல்ல, பச்சை மாவிலும் கிருமி உண்டு.

அடுத்த முறை குழுவில் போடும்போது, குறிப்பின் கடைசியில் இப்படி எழுதுங்கள்: "30 உருண்டை. அடுப்பிலிருந்து இறக்கியது மதியம் 2 மணி, 6 மணிக்குள்ள சாப்பிட்டுடுங்க. குளிர்ப்பெட்டியில வைக்காதீங்க. தேங்காய் இருக்கு, கச்சான் (நிலக்கடலை) இல்ல. உள்ளே பாகு சூடா இருக்கும், பத்து நிமிஷம் ஆறவிடுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு முழுசா குடுக்காதீங்க, தொண்டையில அடைச்சிக்கும். நாலா வெட்டிக் குடுங்க."