சாமி கண்ணைக் குத்தாவிட்டால்?

“பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்” என்று கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. அந்த ஒரு வரிக்குள் சாமிக்கு இரண்டு வேலைகள் கொடுத்திருக்கிறோம். பொய் தப்பு என்று விதித்தவரும் அவர்தான், யாராவது பொய் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பவரும் அவர்தான். கடவுள் நம்பிக்கை போனால் ஒழுக்கமும் போய்விடுமா என்ற சண்டை தீராமல் இழுத்துக்கொண்டே போவதற்கு, இந்த இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்காததுதான் காரணம் என்பது என் எண்ணம். எது தப்பு என்று நமக்கு எப்படித் தெரிகிறது என்பது ஒரு கேள்வி. தெரிந்தபடி நடக்க வைப்பது எது என்பது வேறு கேள்வி. ஆய்வுகள் இரண்டுக்கும் ஒரே பதிலைத் தரவில்லை.

முதல் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டுப் பார்த்தவர் லாரி நூச்சி என்ற அமெரிக்க உளவியலாளர். 1980-களில் அவர் தேடிப் போனது ஆமிஷ்-மென்னனைட் குடும்பத்துப் பிள்ளைகளை. பைபிளில் உள்ளபடி வாழ வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பான கிறிஸ்தவர்கள் இவர்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்று கடவுள் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்வோம், அப்போது வேலை செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம் என்றார்கள் பிள்ளைகள். சரி, அடிக்கக் கூடாது, திருடக் கூடாது என்றும் கடவுள் சொல்லவில்லை என்றால்? அப்போதும் அது தப்புதான் என்றார்கள் பெரும்பாலானவர்கள். அடிபட்டவருக்கு வலிக்கும், பொருளைப் பறிகொடுத்தவருக்கு நஷ்டம் என்ற மாதிரிதான் காரணம் சொன்னார்கள். கடைசியாக இன்னும் ஒரு படி மேலே போனார். எல்லோரும் திருட வேண்டும் என்று கடவுளே எழுதி வைத்திருந்தால்? அப்போதும் திருடுவது சரியாகிவிடாது என்பதே பெரும்பாலான பிள்ளைகளின் பதில். யூதக் குடும்பத்துப் பிள்ளைகளிடமும் இதே போக்கைத்தான் அவர் கண்டார்.

இவர்கள் பக்தியில் குறைந்த பிள்ளைகள் அல்ல. கடவுள் நல்லவர், அவர் அப்படியெல்லாம் சொல்லவே மாட்டார் என்று வாதாடிய பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நல்லவர் இதைச் சொல்ல மாட்டார் என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடிகிறது என்றால், எது கெட்டது என்பது கட்டளை வருவதற்கு முன்பே அதற்குத் தெரிந்திருக்கிறது. ஏதென்ஸில் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில், யூத்திஃப்ரோ என்பவரிடம் சாக்ரடீஸ் கேட்கும் கேள்வியும் இதுதான்: தேவர்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா? யூத்திஃப்ரோ பதில் சொல்லத் திணறி, கடைசியில் அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார். பிள்ளைகள் திணறவில்லை.

அந்த முன்கூட்டிய அறிவு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி உடம்போடு வந்ததாகத்தான் தெரிகிறது. 2006-இல் ஃபெலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் செய்த பரிசோதனையில், முன்பின் தெரியாத ஒருவர் கைதவறிக் கீழே போட்ட பொருளை எட்டி எடுக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்த 18 மாதக் குழந்தைகள், யாரும் சொல்லாமலேயே நடந்து போய் எடுத்துக் கொடுத்தார்கள். 1964-இல் அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளிடம் செய்த பரிசோதனையைப் படித்தால் மனம் கனக்கும். சங்கிலியை இழுத்தால் சாப்பாடு வரும், ஆனால் பக்கத்துக் கூண்டுக் குரங்குக்கு மின்சார அதிர்ச்சி போகும். அதைப் பார்த்துவிட்ட ஒரு குரங்கு 12 நாட்கள் சங்கிலியைத் தொடவே இல்லை.

எல்லாமே பிறவியிலேயே முழுசாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. மேட்டில் ஏறத் தவிக்கும் ஒரு பொம்மைக்கு இன்னொரு பொம்மை உதவுவதையும் வேறொன்று தடுப்பதையும் காட்டினால், உதவும் பொம்மையையே ஆறு மாதக் குழந்தைகள் கையில் எடுக்கின்றன என்று 2007-இல் வந்து உலகெங்கும் பேசப்பட்ட ஆய்வை, பின்னால் 37 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் திரும்பச் செய்து பார்த்தபோது, அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆனால் மூளையின் பங்கு மிகத் தெளிவானது. 1999-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 16 மாதம் ஆவதற்குள் மூளையின் முன்பகுதியில் காயம் பட்டவர்கள். படித்த பெற்றோர், நல்ல வளர்ப்பு. ஆனாலும் வளர்ந்தபின் கூசாமல் பொய் சொன்னார்கள், திருடினார்கள், செய்ததற்கு வருந்தவும் இல்லை. இதே பகுதியில் பெரியவர்களான பிறகு அடிபட்டவர்களால், எது சரி எது தப்பு என்று வாயால் சரியாகச் சொல்லவாவது முடியும். இந்த இருவருக்கும் அதுவும் வரவில்லை. கற்றுக்கொள்ளும் கருவியே பழுதாகிவிட்டால், யார் எதைப் போதித்தாலும் உள்ளே இறங்குவதில்லை.

ஆக, முதல் கேள்விக்குக் கடவுள் நம்பிக்கை தேவைப்படவில்லை. இரண்டாவது கேள்வி அப்படி இல்லை. இங்கே நாத்திக நண்பர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

2016-இல் பெஞ்சமின் பர்சிக்கி தலைமையிலான குழு, பசிபிக் கடலின் வனுவாட்டுத் தீவுகளிலிருந்து தான்சானியாவின் ஹாட்சா வேட்டைக்குடிகள், சைபீரியாவின் துவா மக்கள் வரை எட்டுச் சமூகங்களில் 591 பேரை ஒரு விளையாட்டு விளையாட வைத்தது. முன்னால் இரண்டு கிண்ணங்கள், கையில் 30 காசுகள், இரண்டு நிறம் பூசிய ஒரு பகடை. ஒரு கிண்ணத்தில் விழும் காசு உங்களுக்கு. மற்றது எங்கோ தூரத்து ஊரில் இருக்கும், உங்கள் சாமியையே கும்பிடும், உங்களுக்கு முகம் தெரியாத ஒருவருக்கு. ஒவ்வொரு காசுக்கும் முதலில் ஒரு கிண்ணத்தை மனசுக்குள் நினைத்துக்கொண்டு பகடையை உருட்ட வேண்டும். ஒரு நிறம் விழுந்தால் நினைத்த கிண்ணத்தில் போட வேண்டும், இன்னொரு நிறம் விழுந்தால் மற்றதில்.

மனசில் எந்தக் கிண்ணத்தை நினைத்தீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஏமாற்றினால் கண்டுபிடிக்க வழியே இல்லை. நேர்மையாக ஆடினால் சராசரியாக 15 காசு அந்த முகம் தெரியாதவருக்குப் போகும். கணக்கு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்து, தனிமனிதரை அல்ல, ஒரு கூட்டத்தின் நேர்மையை அளக்கலாம். தங்கள் சாமி மனசில் இருப்பதை அறிவார், தப்பு செய்தால் தண்டிப்பார் என்று எவ்வளவுக்கு எவ்வளவு நம்பினார்களோ, அவ்வளவுக்கு அதிகமாகத் தூரத்து ஆளின் கிண்ணத்தில் காசு விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும் கண் என்ற எண்ணத்துக்கு நிஜமாகவே வலு இருக்கிறது. முகம் தெரியாதவர்களோடு வியாபாரமும் உறவும் வளர்வதற்கு இப்படிப்பட்ட தெய்வங்கள் உதவியிருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தூரத்து ஆளும் அதே சாமியைக் கும்பிடுகிறவர் என்பதை மறந்துவிடக் கூடாது. வேற்று மதத்தவருக்கும் இதே நேர்மை நீளுமா என்பதற்கு இந்த விளையாட்டில் பதில் இல்லை.

அந்தக் கண் கடவுளுடையதாகத்தான் இருக்க வேண்டுமா? 2007-இல் அசீம் ஷரீஃப், ஆரா நொரென்சயான் இருவரும் கடவுள் சம்பந்தமான சொற்களை வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்லிவிட்டு, 10 டாலரை இன்னொருவரோடு பகிரச் சொன்னார்கள். சாதாரணமாக 1.84 டாலர் கொடுத்த இடத்தில் சராசரி 4.22 ஆனது. ஆனால் நீதிமன்றம், போலீஸ், ஒப்பந்தம் போன்ற சொற்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கையைத் திறக்க வைத்தன. வேறு குழுவினர் 2015-இல் இன்னும் அதிகம் பேரிடம் செய்து பார்த்தபோது கடவுள் சொற்களின் பலனே தெரியவில்லை. கண்ணில் படும் ஒன்றிரண்டு சொற்களைவிட, உடம்பு பங்கெடுக்கும் சடங்கு வலுவானது போலிருக்கிறது.

மொரீஷியஸ் தைப்பூசத்தில் நடந்த ஆய்வு அதைத்தான் காட்டுகிறது. டிமிட்ரிஸ் சைகலாட்டாஸ் குழு, கோயிலில் கூட்டு வழிபாடு முடித்து வந்தவர்களுக்கும், அலகு குத்திக் காவடி எடுத்து வந்தவர்களுக்கும், காவடியோடு கூடவே நடந்து வந்தவர்களுக்கும் 200 ரூபாய் கொடுத்து, அதிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் யாரும் பார்க்காதபடி கோயிலுக்குக் கொடுக்கலாம் என்றது. வழிபாட்டுக் கூட்டம் சராசரியாக சுமார் 81 ரூபாய் கொடுத்தது. காவடி எடுத்தவர்கள் சுமார் 133 ரூபாய் கொடுத்தார்கள். கூட நடந்தவர்கள் கொடுத்தது சுமார் 161 ரூபாய். சாமி மூன்று கூட்டத்துக்கும் ஒன்றுதான். பிறர் வலியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள் என்பது என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது.

எதிர்ப்பக்கத்து ஆய்வுகளிலும் கவனம் வேண்டும். மதப்பற்றுள்ள வீட்டுக் குழந்தைகள் பகிர்ந்துகொள்ள மனமில்லாதவர்கள் என்று 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. பல நாத்திகர்கள் சந்தோஷமாகப் பரப்பினார்கள். நாடுகளுக்கு வெறும் அடையாளமாக வைத்த எண்களை நிஜ அளவுகள் போல எடுத்துக்கொண்டு கணினி கூட்டிக் கழித்துவிட்டது என்று அப்புறம் தெரிந்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் மேலே சொன்ன அதே ஷரீஃப். 2019-இல் ஆய்வைத் திரும்பப் பெற்றார்கள்.

நம்பாதவர் கெட்டவர் என்ற சந்தேகம் மட்டும் ஆழமாக ஊறியிருக்கிறது. இந்தியா உட்பட 13 நாடுகளில் 3,256 பேரிடம் நடந்த 2017 ஆய்வில், தொடர் கொலை செய்த ஒருவரைப் பற்றிப் படித்தவர்கள் அவர் நாத்திகராகத்தான் இருப்பார் என்று தங்களை அறியாமலே ஊகித்தார்கள். நாத்திகர்களே அப்படித்தான் ஊகித்தார்கள். நடைமுறை வேறு. 2014-இல் வில்ஹெல்ம் ஹாஃப்மன் குழு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,252 பேரின் செல்போனுக்கு மூன்று நாட்கள், நாளைக்கு ஐந்து முறை செய்தி அனுப்பி, கடந்த ஒரு மணி நேரத்தில் நல்லதோ கெட்டதோ ஏதாவது செய்தீர்களா, உங்களுக்கு யாராவது செய்தார்களா என்று கேட்டது. நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் செய்த நல்லதிலும் கெட்டதிலும் எண்ணிக்கை வித்தியாசம் இல்லை. செய்ததைப் பற்றிய பெருமையும் குற்ற உணர்வும் மட்டும் நம்புகிறவர்களிடம் கூடுதலாக இருந்தன. அதே ஆய்வில், அன்றைக்கு இன்னொருவரிடமிருந்து ஒரு நல்ல காரியத்தைப் பெற்றவர்கள், அதே நாளில் பின்னால் தாங்களும் ஒன்றைச் செய்யும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.