தேதியில்லாத அவசரம்

கடந்த வாரம் ஓர் இரவு, பத்தரை மணியிருக்கும், குடியாத்தத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் வேலூரில் உள்ள எங்கள் இரத்த மையத்துக்கு வந்தார்கள். வழியெல்லாம் தூறல், இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ஏழு வயதுச் சிறுமிக்கு மறுநாள் காலை இருதய அறுவை சிகிச்சை, ஓ நெகட்டிவ் இரத்தம் உடனே தேவை என்னும் வேண்டுகோளைக் கைப்பேசியில் காட்டினார்கள். படத்தைப் பார்த்த உடனேயே எனக்குக் குழந்தை யாரென்று தெரிந்துவிட்டது. அந்த அறுவை சிகிச்சை நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தேவையான இரத்தம் அப்போதே கிடைத்தது. குழந்தை பிழைக்கவில்லை.

கே.வி. குப்பத்தில் வண்டியை நிறுத்தி, செய்தியில் இருந்த எண்ணுக்கு அழைத்து, "வந்துக்கிட்டே இருக்கோம்ணா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். மறுமுனையில் பதிலே இல்லாமல் இணைப்பு துண்டிக்கப்பட்டதாம். சிக்னல் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அந்த எண்ணுக்குரியவர் சிறுமியின் தந்தை, ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர். மாதத்துக்கு இரண்டு மூன்று முறையாவது யாரோ ஒருவர் அவரை அழைத்து, "பாப்பாவுக்கு ரத்தம் கிடைச்சிடுச்சா?" என்று கேட்கிறார். எண்ணை மாற்றிவிடலாமே என்று நானும் ஒருமுறை யோசனை இல்லாமல் சொன்னேன். வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, சேலை வாங்கும் வியாபாரிகள் எல்லாம் அந்த ஒரே எண்ணில் இருக்கும்போது எப்படி மாற்றுவது என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த இரவுதான் என்றாலும், இது முதல் முறை அல்ல. வேலூர் நோயாளிகளின் ஊர். காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் உள்ள விடுதிகளில் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். உறவினர் இல்லாத ஊரில் இரத்தத்துக்கு வாட்ஸப் குழுக்களை நம்புவது அவர்களுக்கு இயல்பு. அதனால் இங்கு உருவாகும் வேண்டுகோள்கள் மிகுதி, அவற்றின் ஆயுளோ நோயாளியின் ஆயுளையும் தாண்டி நீள்கிறது.

பழைய செய்தியை மீண்டும் கிளப்பிவிடுபவர்களிடம் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "பகிர்ந்தால் என்ன குறைந்துவிடும்? ஒருவருக்காவது உதவினால் நல்லதுதானே?" என்னை எரிச்சலூட்டுவது இந்தப் பதில்தான். குறைவது என்னவென்று சொல்கிறேன். இரத்தம் தங்கம் அல்ல, பூட்டி வைக்க முடியாது. சிவப்பணுக்களை, அவற்றோடு சேர்க்கும் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள்தான் வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) 5 நாள். ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும். நம் நாட்டில் ஓ நெகட்டிவ் போன்ற ஆர்எச் நெகட்டிவ் வகை இரத்தம் உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் நான்கு ஆண்டுக்கு முந்தைய அவசரத்துக்காக இன்று இரத்தம் கொடுத்துவிட்டால், அடுத்த மூன்று மாதத்துக்குள் உண்மையாகவே ஒரு பிரசவத்தில் தாய் உதிரப்போக்கோடு கிடக்கும்போது நான் அவரைக் கூப்பிட முடியாது. ஒருமுறை ஏமாந்து திரும்பியவர் அடுத்த முறை யோசிக்கிறார், மூன்றாம் முறை தொலைபேசியை எடுப்பதே இல்லை. பகிர்ந்தவரின் கையில் எதுவும் குறையவில்லை என்பது உண்மை. குறைவதெல்லாம் வேறொருவர் கணக்கில்தான். (இரவில் கொடுத்த இரத்தம் நேரே நோயாளிக்கு ஏறிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: எச்ஐவி, கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) பி, சி, மேகநோய் (சிபிலிஸ்), மலேரியா ஆகிய ஐந்து சோதனைகளும் முடியாமல் ஒரு பை கூட வெளியே போகாது.)

இந்த வேண்டுகோள்களில் "இன்று மாலை", "நாளை காலை" என்றுதான் எழுதியிருக்கும்; தேதி இருக்காது. எழுதியவரின் பதற்றத்தில் அது மன்னிக்கத்தக்கது, ஆனால் எத்தனை ஆண்டு ஆனாலும் அந்த "நாளை" நாளையாகவே இருக்கும். வாட்ஸப்பில் தெரிவது செய்தி உங்களிடம் வந்த நேரம்தான், பிறந்த நேரம் அல்ல. இரட்டை அம்புக்குறியோடு வந்தால் அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். 2020 முதல் அத்தகைய செய்தியை ஒரே நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாது. அப்படியும் பொறுமையாக ஒவ்வொரு குழுவாக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே, தேதியும் மருத்துவமனையின் பெயரும் வார்டும் இல்லாத வேண்டுகோளை அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் உங்களுக்கு அனுப்பியவரைத் தனியே கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் அந்த மருத்துவமனையின் இரத்த மையத்தைக் கேளுங்கள், இரவிலும் அங்கே ஆள் இருப்பார். நோயாளியின் வீட்டாரை அழைப்பது கடைசி வழி. குழுவில் "இது இன்னும் தேவையா?" என்று கேட்பது விசாரணை ஆகாது, அந்த ஒரு கேள்வியே பழைய செய்தியை மேலே கொண்டுவந்து நிறுத்தி, இன்னும் பத்துப் பேரை அதை அனுப்ப வைக்கும்.

வேண்டுகோள் எழுதுபவர்களுக்கு: நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள், படமாக அனுப்பினால் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். குழந்தையின் படம் வேண்டாம். தேவை முடிந்ததும் அதே குழுவில் முடிந்தது என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் அழித்தாலும் பிறர் எடுத்து அனுப்பிய நகல்கள் அழியாது என்பதால்தான் இந்தத் தேதியை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பழையது எல்லாமே பொய் என்றும் நான் சொல்லவில்லை. தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அந்தப் பெற்றோர் மீண்டும் மீண்டும் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் பழைய செய்தியைத் தூக்கி முன்னே போடாமல், ஒவ்வொரு முறையும் அன்றைய தேதியோடு புதிதாக எழுதினால், சென்ற மாதம் கொடுத்தவரும் இம்முறை கொடுக்க வேண்டியவரும் குழம்ப மாட்டார்கள்.

குடியாத்தத்து இளைஞர்களில் ஒருவர் உண்மையிலேயே ஓ நெகட்டிவ். அன்று அவரிடம் இரத்தம் எடுக்கவில்லை. எங்கள் பதிவேட்டில் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, தேநீர் கொடுத்து அனுப்பினேன். தேவை வரும்போது நாங்களே அழைப்போம். அவர் வாசலில் நின்று, "அந்தப் பாப்பா அப்பாவுக்கு மறுபடி போன் பண்ணி மன்னிப்பு கேட்கட்டுமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். நீலப் பாவாடை அணிந்த அந்தச் சிறுமியின் படம் உங்களுக்கும் வரக்கூடும். வந்தால், தயவுசெய்து அதில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள்.