நீலக் கல் பச்சையாவது எப்படி?

அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் செய்த பழைய வெள்ளிக் காப்பு ஒன்றைக் கையில் எடுத்தால், அதில் பதித்த டர்காய்ஸ் கற்களில் ஒன்று வானநீலமாகவும் பக்கத்துக் கல் பாசிப்பச்சையாகவும் இருக்கலாம். செய்த நாளில் இரண்டும் ஒரே நிறமாகக்கூட இருந்திருக்கும். இந்த நிறமாற்றம் புரிந்துவிட்டால், இந்த நகைகளைச் சேகரிப்பவர்கள் விலையில் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

டர்காய்ஸ் என்பது செம்பு, அலுமினியம், பாஸ்பேட் ஆகியவற்றோடு தண்ணீரும் சேர்ந்து உருவான கனிமம். அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட பகுதிகளில், செம்புத் தாது உள்ள பாறைகளின் வழியே நீர் கசிந்து கசிந்து, விரிசல்களில் இது படிகிறது. நீலத்தைத் தருவது செம்பு. அலுமினியத்தின் இடத்தில் கொஞ்சம் இரும்பு புகுந்தால் கல் பிறவியிலேயே பச்சை.

பிறகு வரும் பச்சை வேறு கதை. இந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உடம்பின் எண்ணெய்ப் பசை, வியர்வை, சோப்பு எல்லாம் அவற்றில் இறங்கி, வருடக்கணக்கில் நிறத்தை மாற்றுகின்றன. துளைகள் குறைந்த கெட்டியான கல் அப்படியே நிற்கும். அதனால்தான் அதற்கு விலை.

வெட்டியெடுக்கும் கல்லில் பெரும்பகுதி அப்படிக் கெட்டியாக இருப்பதில்லை. ஆகவே நிறமற்ற பிசினை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றுகிறார்கள். துளைகள் அடைபடும், கல் உறுதியாகும், நிறமும் கூடும். இதைப் போலி என்று சொல்ல முடியாது; ஆனால் இயற்கைக் கல்லின் விலையைக் கேட்டால் அது ஏமாற்றுதான். கல்தூளைப் பிசினில் குழைத்து உறையவைத்த கட்டிகளும் சந்தையில் உண்டு. இன்னும் கீழே போனால் ஹௌலைட். வெள்ளை நிறத்தில், சாம்பல் வரிகளோடு இருக்கும் இந்தக் கனிமத்துக்கு நீலச் சாயம் ஏற்றினால், வரியோடிய டர்காய்ஸ் போலவே தெரியும். பஞ்சில் அசிட்டோன் (நகப்பூச்சை நீக்கும் திரவம்) தொட்டுத் துடைத்தால் சாயம் பல நேரம் ஒட்டிக்கொண்டு வரும். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் பிசின் நாற்றம் வரும் என்பார்கள். வரும்தான், கூடவே கல்லில் வடுவும் விழும். நல்ல நகையில் இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள்.

சரி, வெள்ளிக்கு வருவோம். நவஹோ மக்கள் இந்த வேலையை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெக்சிகோ கொல்லர்களிடம் கற்றார்கள். முதலில் கற்றவர் அட்சிடி சானி என்று சொல்வது வழக்கம். ஆரம்பத்தில் நாணயங்களை உருக்கித்தான் செய்தார்கள். அன்றைய அமெரிக்க வெள்ளி நாணயத்தில் 90% வெள்ளி, மீதி செம்பு. இன்று நகைக்கு வழக்கமான, ஸ்டெர்லிங் எனப்படும் கலவையில் வெள்ளி 92.5%. செம்பு சேர்ப்பது வலுவுக்காக. சுத்த வெள்ளி எளிதில் நெளிந்துவிடும்.

கல் பதிப்பது கடைசி வேலை. சூடு பட்டால் டர்காய்ஸுக்குள் இருக்கும் நீர் வெளியேறி நிறம் கெட்டுவிடும். அதனால் கல்லின் அளவுக்கு ஒரு மெல்லிய வெள்ளிப் பட்டையை வளைத்து, முதலிலேயே பற்றவைத்துவிடுவார்கள். ஆறியதும் கல்லை உள்ளே வைத்து, பட்டையின் விளிம்பை அதன்மேல் அமுக்கிவிட்டால் முடிந்தது. பழைய நகைகளில் கல்லைச் சற்று உயர்த்த அடியில் மரத்தூள் வைப்பதுண்டு. அப்படிப்பட்ட நகையை நீரில் முக்கினால் தூள் ஊறிக் கல்லை வெளியே தள்ளும். வெள்ளியின் கறுப்பை நீக்கும் திராவகம் இன்னும் மோசம்: கல்லையும் கெடுக்கும், செதுக்கல்களின் பள்ளத்தில் படிந்த அழகான கருமையையும் வழித்துவிடும். மெல்லிய துணி போதும்.

வாங்கும்போது பலர் முதலில் தேடுவது செய்தவரின் முத்திரையை. 1970களுக்கு முன் முத்திரை குத்தும் பழக்கம் அவ்வளவு பரவலாக இல்லை. எனவே பழைய நகையில் அது இல்லாததைக் குறையாக எடுக்க வேண்டாம். பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதை அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பார்ப்பது செய்த கையை மட்டும்தான். நவஹோ கைவினைஞர் ஒருவரே பிசின் ஏற்றிய கல்லைப் பதித்திருந்தாலும் அது அசல் நவஹோ நகைதான். கல் இயற்கையானதா, எந்தச் சுரங்கத்தது என்பதைத் தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.