கட்டிலிலிருந்து கழிவறை வரை: முதியவர்கள் ஏன் விழுகிறார்கள்?

இரவு இரண்டு மணி. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் சிறுநீர் முட்டி விழிக்கிறார். போர்வையை விலக்கிவிட்டுச் சட்டென்று எழுகிறார், விளக்குப் போடாமல் பத்தடி தள்ளியிருக்கும் கழிவறைக்கு நடக்கிறார். மறுநாள் காலை எலும்பு முறிவு வார்டில் அவர் படுத்திருக்க, “கால் வழுக்கிடுச்சு, வயசாயிடுச்சுல்ல” என்று பேச்சு முடிந்துபோகிறது. அந்தப் பத்தடிக்குள் ரத்தக்குழாய், தொடைத்தசை, கண், உள்காது, பாத நரம்பு எல்லாம் அடுத்தடுத்து வேலை செய்தாக வேண்டும். அவற்றில் எது தவறியது என்று பெரும்பாலும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்தால் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும்.

எழுந்ததும் இறங்கும் ரத்தம்

படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் உள்ள நரம்பு முனைகள் அழுத்தம் குறைவதை உணர்ந்து மூளைக்குச் சொல்லும். உடனே இதயம் வேகமெடுக்கும், கால் ரத்தக்குழாய்கள் சுருங்கும். இளையவர்களுக்குச் சில நொடிகளில் இது முடிந்துவிடுவதால் ஒன்றும் தெரிவதில்லை. வயது ஏற ஏறத் தமனிச் சுவர் விறைத்து, அந்த உணர்வு மந்தமாகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயிலும் பார்கின்சன் நோயிலும் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளே பழுதாகின்றன. “எழுந்தா கண்ணு இருட்டிக்கிட்டு வருது” என்று பாட்டி சொல்வது இதைத்தான்.

இதை அளந்து பார்க்க வீட்டு பிரஷர் மிஷின் போதும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை அளங்கள். பிறகு நிற்கவைத்து 1ஆவது நிமிடத்திலும் 3ஆவது நிமிடத்திலும் அளங்கள். பட்டை கட்டிய கை இதய மட்டத்தில் இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் தாங்கத் தயாராக நிற்கட்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால் அது கோளாறு. படுத்தபோது 142/80, நின்றபோது 116/72 என்றால் மேல் அளவில் 26 இறங்கியிருக்கிறது. கிளினிக்கில் உட்காரவைத்து ஒரே முறை அளந்தால் 140 என்று காட்டும், இந்த இறக்கம் கண்ணில் படாது. மாத்திரையின் அளவு கூட்டப்படவும் வாய்ப்புண்டு. அதனால்தான் நின்ற அளவையும் எழுதிக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கூடவே வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ப்ராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின், பிரஷருக்கான பிராசோசின், நீர் பிரியும் மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாமே நிற்கும்போது அழுத்தத்தைக் கீழே தள்ளக்கூடியவை. அல்ப்ரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் இரவில் தடுமாற்றத்தைக் கூட்டுகின்றன. ஒவ்வொரு மருந்தையும் வேறு வேறு மருத்துவர் எழுதியிருப்பார், மொத்தத்தையும் ஒருவர் பார்த்திருக்க மாட்டார். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

மருந்து மாறுகிற வரை, ஏன், அதற்குப் பிறகும், எழும் முறையை மாற்றிக்கொள்ளலாம். படுத்தபடியே இரண்டு பாதங்களையும் மேலும் கீழும் 20 முறை அசைக்க வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அதனூடே ஓடும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். பிறகு கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு ஓரிரு நிமிடம் உட்கார வேண்டும். எழுந்து, எதையாவது பிடித்தபடி முப்பது எண்ணிவிட்டு நடக்க வேண்டும். இரவில் எழ வேண்டியிருக்குமே என்று பயந்து பகல் முழுவதும் தண்ணீரைக் குறைப்பது பெரியவர்களின் வழக்கம். உடலில் நீர் குறைந்தால் எழும்போது அழுத்தம் இன்னும் வேகமாக இறங்கும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்வதே சரி. இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவில்தான் குடிக்க வேண்டும்.

சூடான நீரில் குளிக்கும்போது தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்தும் அழுத்தம் இறங்கும். நின்றுகொண்டு சிறுநீர் கழிக்கும் ஆண்கள் கழித்து முடித்த அந்த நொடியில் மயங்கி விழுவதும் உண்டு. இரவில் உட்கார்ந்து கழிப்பது நல்லது.

தொடையில் எவ்வளவு பலம் இருக்கிறது?

கையில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 43 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலி நழுவும், அது வேண்டாம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதில் ஆணுக்கு 12, பெண்ணுக்கு 10 என்ற எண்ணிக்கைக்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூடுதல். 80 முதல் 84 வயதில் அந்த எல்லை 10, 9. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம்.

“நான்தான் தினமும் வாக்கிங் போறேனே” என்று பலர் கேட்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் கால் தடுக்கினால் அரை நொடிக்குள் அடுத்த காலை முன்னால் ஊன்றிச் சமாளிக்க வேண்டும், அந்த வேலையைச் செய்வது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். வயதாகும்போது முதலில் கரைபவை அவைதான், மெதுவான நடை அவற்றை எழுப்பாது. எதிர்ப்பு கொடுத்துப் பயிற்சி செய்தால்தான் அவை மீளும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான பயிற்சித் திட்டம் வீட்டிலேயே செய்யும் எளிய தசைப் பயிற்சிகளும் சமநிலைப் பயிற்சிகளும் கொண்டது. அதைச் செய்தவர்கள் விழுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வாரத்தில் மூன்று நாள் போதும். முதலில் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, எட்டு முறை எழுந்து உட்காரலாம். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குவதில்தான் பலன் இருக்கிறது. சுலபமானதும் தலையணையை எடுத்துவிடலாம். அடுத்து சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது, காலைப் பக்கவாட்டில் உயர்த்துவது, ஒரு பாதத்தின் குதிகாலும் மறுபாதத்தின் நுனியும் தொட ஒரே கோட்டில் 10 நொடி நிற்பது. மார்பு வலி, மூச்சுத் திணறல் வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

தசை வளரப் புரதம் வேண்டும். முதியோருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம். மூன்று இட்லியும் சட்னியும் பத்து கிராமைத் தொடாது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலில் 6 கிராம் அளவுக்குக் கிடைக்கும். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கண்ணை மூடினால் தடுமாற்றம்

நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது: கண், உள்காது, பாதம். சர்க்கரை நோயில் பாதம் மரத்தவருக்குத் தரை எங்கே சாய்கிறது என்று தெரியாது, அந்தக் குறையைக் கண் ஈடுகட்டும். அவர் முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும் நொடியில் அந்தத் தாங்கலும் போய்விடுகிறது. தலையில் தண்ணீர் ஊற்றும்போதும் அப்படியே. குளியலறையில் வழுக்காமலேயே விழுபவர்கள் உண்டு என்பதற்கு இது ஒரு காரணம். நான்கு கால்களிலும் ரப்பர் மூடியுள்ள கனமான ஸ்டூலில் உட்கார்ந்து குளித்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

இருட்டும் கண்ணை மூடியது போலத்தான். அறுபது வயதில் விழித்திரைக்குச் சென்று சேரும் ஒளி இருபது வயதில் சேர்வதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. கட்டிலிலிருந்து கழிவறை வரை கணுக்கால் உயரத்தில் ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியட்டும்.

கம்பியும் கதவும்

குளியலறைச் சுவரில் துண்டு போடும் கம்பியை யாராவது பிடித்து எழுந்தால் அது திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வரும். அது ஆளின் எடைக்காகச் செய்ததல்ல. கைப்பிடிக் கம்பி தனியாகப் பொருத்தப்பட வேண்டும். தடிமன் 32 முதல் 38 மில்லிமீட்டர், சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம். துளை டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல்லுக்குள் போய், அதில் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். பூச்சோடு நின்றால் பத்து நாளில் ஆடும். பொருத்தியதும் வீட்டில் கனமான ஒருவர் முழு எடையையும் போட்டு இழுத்துப் பாருங்கள். துளை போடாமல், ரப்பர் கிண்ணத்தால் சுவரை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கம்பிகளை நம்பாதீர்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று டைல்ஸில் எண்ணெய்ப் படலம் தங்கும். அடுத்தவர் நுழையும் முன் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கதவு உட்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்யுங்கள். முடியாவிட்டால், வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாளாவது போடுங்கள்.

விழுந்துவிட்டால்

பதறிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, இடுப்பு அருகே வலியால் காலை அசைக்க முடியாவிட்டாலோ இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அப்படியே படுக்கவைத்து, போர்த்திவிட்டு 108-ஐ அழையுங்கள். வலியில்லாமல், தெளிவாக இருந்தால் அவராகவே எழ உதவலாம்: ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் தவழ்ந்து ஒரு உறுதியான நாற்காலி வரை வந்து, பலமான காலை முன்னால் ஊன்றி, கைகளை நாற்காலியில் அழுத்தி எழ வேண்டும்.

தலையில் அடிபட்டவர் வார்ஃபரின் அல்லது குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுகிறார் என்றால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மூளையைச் சுற்றி மெதுவாக ரத்தம் கசியலாம். சில வாரம் கழித்துத் தலைவலி, மறதி, நடையில் தடுமாற்றம், பகல் தூக்கம் என்று அது தலைகாட்டலாம். அப்போது மருத்துவரிடம் போனால், முன்பு விழுந்த தேதியையும் சொல்லுங்கள்.