‘சலுகை’ வேண்டாம், ‘உரிய ஏற்பாடு’ கேளுங்கள்

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோர் எழுதும் மனுவின் பொருள் வரியில் ‘தேர்வுச் சலுகை வேண்டி’ என்றுதான் இருக்கும். தலைமை ஆசிரியரும் செய்தித்தாளும் சொல்வதும் சலுகைதான். இந்த இடத்தில் அது தப்பான சொல்.

மூலச்சொல் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்ற ஆங்கிலச் சட்டச்சொல். ‘அக்காமடேஷன்’ என்பதன் லத்தீன் வேருக்கு, ‘பொருந்தச் செய்தல்’ என்று பொருள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை வழியாக, இந்தச் சொல் நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இல் இடம்பெற்றது. அக்காமடேஷனுக்குத் தங்குமிடம் என்றும் பொருள் உண்டு என்பதால் வரும் ‘நியாயமான தங்குமிடம்’ என்கிற கணினி மொழிபெயர்ப்பால் பெரிய கெடுதல் இல்லை. படித்த உடனே தப்பு தெரிந்துவிடும். சலுகை அப்படியல்ல, சரியான சொல் போலவே காதில் விழுகிறது.

சலுகை என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது. ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுவோர் ‘சலிகெ’ என்பது பழக்கத்தால் எடுத்துக்கொள்ளும் உரிமையை. அதுவும் ஆளைப் பார்த்துத்தான். ஆனால் சட்டத்தின் 2ஆம் பிரிவு, பாகுபாடு எது என்று வரையறுக்கும்போதே இந்த ஏற்பாட்டை மறுப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. மறுத்தால் சட்டமீறலாகும் ஒன்றுக்குத் தயவின் பெயரை வைக்கலாமா? ‘மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா’ என்று ஆசிரியர் கேட்பதும் இந்தச் சொல்லால்தான். மத்திய அரசின் 2018 நெறிமுறை மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் தரச் சொன்னது, மெதுவாக எழுதும் கை அதே விடையை எழுதி முடிக்கத்தான். மதிப்பெண்ணை யாரும் கூட்டித் தருவதில்லை.

‘தகவமைப்பு’ என்பாரும் உண்டு. சூழலுக்கேற்ப உயிரி மாறுவதே தகவமைப்பு என்று உயிரியல் பாடம் சொல்கிறது. இங்கே மாற வேண்டியது பிள்ளை அல்ல, பள்ளி. வரையறைப் பிரிவைப் படிக்காமல் அகராதியை மட்டும் புரட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களால் வரும் வினை இது.

‘உரிய ஏற்பாடு’ என்றால் வேலை முடிந்தது. ‘உரிய’ என்பதில் தகுதியும் உண்டு, உரிமையும் உண்டு. பள்ளிமேல் அளவுக்கு மீறிய சுமை கூடாது என்ற சட்ட வரம்பும் அதில் அடங்கும். ஏற்பாடு என்று சொன்னால் யார் செய்வது, எப்போது என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

மனுவில் இப்படி எழுதுங்கள்: ‘மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16, 17இன்படி கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மொழி விலக்கு ஆகிய உரிய ஏற்பாடுகளைச் செய்யக் கோருகிறேன்.’ பிள்ளைக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். மருத்துவச் சான்று நகலை இணைத்து, பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே கொடுத்துவிடுங்கள். தேர்வு நெருங்கிய பிறகு கொடுத்தால் அதைத் தேர்வுத் துறைக்கு அனுப்பி அனுமதி வாங்க நேரம் இருக்காது.

‘குறைபாடு 40 சதவீதம் இல்லையே’ என்று திருப்பி அனுப்பினால் அசராதீர்கள். அந்த அளவு, 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி தரும் 31ஆம் பிரிவு போன்றவற்றுக்கு உரியது. எழுதுபவரை வைத்துக்கொள்ள அது கட்டாயமில்லை என்று விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுவின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளிலும், அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் அந்த நகலைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.