பிள்ளையின் பெயரைப் பிறப்புப் பதிவில் எழுதுவிக்கும்போது

என் தங்கை மகளின் பெயர் கோபிகா. தமிழில் எழுதும்வரை ஒரு சிக்கலும் இருக்கவில்லை. தரம் ஒன்றில் சேர்த்தபோது ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது அது 'ஜி' ஆகிவிட்டது. இரண்டு பெயரும் ஒரே பிள்ளைதான் என்று காட்டுவதற்குச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, கிராம சேவகரிடம் கடிதம், பிரதேச செயலகத்துக்கு மூன்று தடவை பஸ். தங்கை கொழுந்து பறிப்பவள். போன ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு பேர் இல்லாமல் போனது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் போய் இதைச் சொல்லத் தொடங்கினேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

பெயரை எப்படி எழுத வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். ஐஸ்லாந்து போன்ற சில நாடுகளில் புதுப் பெயர் வைக்க ஒரு குழுவின் அனுமதி வேண்டும். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்கான 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படி அனுமதிக்கப்பட்ட பெயர்ப் பட்டியல் கிடையாது. தக்ஷிகா, தக்சிகா, தட்சிகா மூன்றில் எதையும் வைக்கலாம். தெரிவு பெற்றோருடையது. ஆனால் எதைப் பதிந்தீர்களோ அதுதான் பாடசாலை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சேமலாப நிதி எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் அது காலங்கடந்த பதிவு; தனிப் பிரகடனம், கூடுதல் ஆவணங்கள் என்று வேலை நீளும். எங்கே பிறந்ததோ அந்தப் பிரிவின் பதிவாளரிடம்தான் பதிவு. வீடு இராகலையில் இருந்தாலும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு நுவரெலியாவில்தான். இன்று அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. தப்பித்தவறி லயத்திலேயே நடந்துவிட்டால் தோட்ட நிர்வாகத்துக்கு உடனே அறிவித்துவிடுங்கள். தோட்டத்தில் நடக்கும் பிறப்புக்குச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு, அறிக்கை துரை, அதாவது தோட்ட அதிகாரி, வழியாகப் போகும்.

இனி எழுத்துக்கு வருகிறேன். பெயர்கள் மாறிப்போவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமில்லை. தமிழில் 'க' ஒன்றுதான். கமலாவுக்கும் அதே எழுத்து, கீதாவுக்கும் அதே எழுத்து. நமக்குப் பெயர் தெரியும், சரியாகச் சொல்லிவிடுகிறோம். சிங்களத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து, ஆங்கிலத்திலும் அப்படியே. தமிழில் எழுதிய கோபிகாவைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதும் உத்தியோகத்தருக்கு எந்த ஒலி என்று தெரிய வழியில்லை. அவர் ஊகிக்கிறார். தினேஷ், திலகா, பாலா, பவித்ரா, டிலக்ஷன், எல்லாவற்றிலும் இந்த ஊகம் நடக்கிறது. தினேஷை ஒருவர் 'டீ'யில் தொடங்குவார், இன்னொருவர் 'டீ, எச்' போடுவார், மற்றவர் 'ரீ, எச்' என்பார்.

'ழ' இன்னும் கடினம். கயல்விழி, யாழினி போன்ற நல்ல தமிழ்ப் பெயர்கள் மலையகத்தில் இப்போது அதிகமாக வைக்கப்படுகின்றன. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். சிங்களத்தில் அந்த ஒலிக்கு எழுத்தே இல்லை, 'ல' அல்லது 'ள' தான் போட முடியும். ஆங்கிலத்தில் சிலர் 'இசட், எச்' எழுதுகிறார்கள், சிலர் 'எல்' மட்டும். இரண்டுமே பிழையில்லை. ஆனால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

எண் சோதிடம் பார்த்துக் கூட்டுகிற எழுத்துகளையும் சொல்ல வேண்டும். கூட்டுத்தொகை சரிவர வேண்டும் என்று ஆங்கிலத்தில் இன்னொரு 'ஏ', இன்னொரு 'எச்' சேர்க்கச் சொல்வார்கள். நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கும் நெருக்கடி உண்டு. திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு 'ங' வருகிறது, அதில் யார் பெயர் தொடங்குவது? நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. சேர்த்த எழுத்தைப் பதிவுக்குப் போகும் முன் முடிவு செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். பிள்ளைக்கு ஏழு வயதானபின் சோதிடரிடம் போய் எழுத்துக் கூட்டிவந்து, பாடசாலைக் கொப்பியில் மட்டும் மாற்றிய குடும்பங்கள் சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தின்போது படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளையின் முழுப் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எழுதுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் பாடசாலை ஆசிரியரிடமோ கிளினிக்கில் மிட்வைஃபிடமோ கேட்டு எழுதலாம். ஒலியை வாயால் சொல்லிக்காட்டி எழுதுவியுங்கள். தமிழ் எழுத்தைப் பார்த்துப் பெயர்க்கச் சொன்னால் அதே ஊகம்தான் திரும்ப வரும். அந்தத் தாளைப் பதிவாளர் முன் வையுங்கள். பெயரை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தகவல் தருபவர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்; அதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். பின்னால் பத்துப் பேர் நின்றாலும் பரவாயில்லை. படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்போதே அப்பா, அம்மா பெயரையும் பாருங்கள். என்னிடம் வரும் சிக்கல்களில் பாதி இதுதான். அப்பாவின் அடையாள அட்டையில் ஒரு விதம், தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒரு விதம், மூத்த பிள்ளையின் சான்றிதழில் இன்னொரு விதம். நம் வழக்கில் அப்பா பெயர்தான் பிள்ளையின் முதலெழுத்து. அது பிசகினால் பிள்ளையின் பெயரும் பிசகும். பெற்றோர் இருவரின் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கையில் கொண்டுபோய், அவற்றில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

தமிழில் பதியச் சொல்வதற்குத் தயங்க வேண்டாம். 1987இன் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழி. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. அங்கே தமிழில் சேவை கேட்பது உரிமை. மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம்.

பிழை ஏற்கெனவே விழுந்துவிட்டதா? சட்டத்தில் இரண்டு வழி இருக்கிறது; எது உங்களுக்குரியது என்று தெரிந்துகொண்டு போனால் அலைச்சல் குறையும். பதிவு செய்தபோது எழுத்துப் பிழை நேர்ந்திருந்தால் அது பிழைதிருத்தம். சரியாகப் பதிந்த பெயரைப் பிறகு வேறாக எழுத விரும்பினால் அது பெயர் மாற்றம். எண் சோதிடத்துக்காக எழுத்துக் கூட்டுவது இதில்தான் சேரும். பதியும்போது பெயரே வைக்காமல் விட்டிருந்தாலும் பிறகு சேர்க்கலாம். பிள்ளை 21 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மேல் அவரே. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் படிவமும் கட்டண விவரமும் கிடைக்கும். எந்தெந்தச் சான்று வேண்டும் என்பதை முதல்நாளே அங்கே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். போவதற்கு முன் அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசியும் கேட்கலாம். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், திருத்தம் அதனோடு குறிக்கப்படும்.

திருத்திய சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு மூன்று பிரதி எடுத்து, முதலில் பாடசாலைப் பதிவேட்டைத் திருத்துங்கள். அடையாள அட்டை விண்ணப்பமும் பரீட்சை விண்ணப்பமும் பாடசாலை வழியாகத்தான் போகின்றன. வங்கிப் புத்தகத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.