கேசட்டில் இருக்கும் காட்சி கணினிக் கோப்பாக மாறுவது எப்படி?

அகலவாக்கில் 720 புள்ளிகளும் உயரவாக்கில் 576 வரிகளும் கொண்ட பழைய தொலைக்காட்சித் தரத்துப் படத்தை, நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்) வீதம், எதையும் சுருக்காமல் கணினியில் சேமித்தால், ஒரு மணி நேரக் காட்சி ஏறக்குறைய 75 ஜிபி இடத்தைப் பிடிக்கும். அதே காட்சி உறவினர்களுக்கு அனுப்பத்தக்க கோப்பாக வெளிவரும்போது ஒன்றிரண்டு ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. மீதி எழுபது சொச்சம் ஜிபியும் வழியில் எங்கோ கழிக்கப்பட்டிருக்கிறது. கழிப்பது தவறல்ல, அது எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதில்தான் வீட்டு வீடியோவின் தரம் அடங்கியிருக்கிறது.

1976இல் ஜேவிசி நிறுவனம் அறிமுகப்படுத்திய விஎச்எஸ் கேசட்டில் எண்கள் எதுவும் இல்லை. காந்தப் பூச்சில் பதிந்த, தொடர்ச்சியாக ஏறி இறங்கும் ஓர் அலை மட்டுமே இருக்கிறது. நாடா நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்வதால், அந்த வேகத்தில் நேர்கோடாக எழுதினால் ஒலியைப் பதிவு செய்யலாமே தவிர படத்தைப் பதிவு செய்ய இயலாது. ஆகவே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றில் காந்தப் பதிவை எழுதிப் படிக்கும் இரண்டு ஹெட்களைப் பொருத்தி, அந்த உருளையை நொடிக்கு 25 முறை சுழலவிட்டு, நாடாவின் குறுக்கே சாய்வான கோடுகளாக எழுதினார்கள். இதனால் ஹெட்டுக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகம் நொடிக்கு ஐந்து மீட்டரை நெருங்கியது. அப்படியும் படத்தின் ஒளிர்வுக்குக் கிடைத்தது சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலம் மட்டுமே. நிறத் தகவல் அதைவிடக் குறுகலான, 627 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய கீழ்ப்பகுதிக்குத் தள்ளப்பட்டது. பழைய வீடியோக்களில் சிவப்புப் புடவையின் நிறம் அதன் ஓரத்தைத் தாண்டிக் கசிந்து நிற்பதற்குக் காரணம் நாடாவின் வயது மட்டுமல்ல. பதிவான நாளன்றே அது அப்படித்தான் பதிவாகியிருக்கும்.

நிறக் கசிவைவிடக் கணினிக்குப் பெரிய தொல்லை தருவது காலத் தடுமாற்றம். நாடா சற்றே நீளும், உருளையின் சுழற்சி நுண்ணிய அளவில் பிசகும். படத்தின் ஒரு வரிக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 64 மைக்ரோநொடி. அதைப் புள்ளிகளாகப் பிரிக்கும்போது ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 74 நானோநொடி. ஒரு வரி அரை மைக்ரோநொடி தாமதித்து வந்தாலே அது ஏழு புள்ளிகள் வலப்பக்கம் தள்ளி விழும். அடுத்த வரி சற்று முந்தி வந்தால் இடப்பக்கம் விழும். கதவு நிலையும் ஜன்னல் கம்பியும் பாம்புபோல் நெளிவது இதனால்தான். பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஒவ்வொரு வரியின் தொடக்கக் குறிப்பையும் பின்பற்றித் தாமும் கூடவே அசைந்துகொடுத்ததால், இந்த நெளிவு அன்று கண்ணில் அவ்வளவாகப் படவில்லை. அலையை எண்ணாக்கிக் கணினிக்குத் தருவதும், சீரான கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு இயங்குவதுமான கேப்சர் கருவிக்கு அப்படி வளைந்துகொடுக்கத் தெரியாது. டைம் பேஸ் கரெக்டர் என்ற மின்சுற்று, வரும் வரிகளைச் சிறிது நேரம் நினைவகத்தில் நிறுத்திவைத்து, பிறகு சரியான இடைவெளியில் வெளியே விடுகிறது. தரமான சில விசிஆர்களில் (கேசட்டை ஓட்டும் கருவிகளில்) இது உள்ளேயே இருக்கிறது. விலையுயர்ந்த கணினியைவிட இந்தச் சிறு சுற்றுதான் படத்துக்கு அதிக நன்மை செய்யும் என்பது என் கணிப்பு.

அலையை எண்ணாக மாற்றும் இடத்தில் 1982இல் வகுக்கப்பட்ட ஓர் உலகப் பொதுத்தரம் இன்றும் ஆட்சி செய்கிறது. நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை ஒளிர்வை அளக்க வேண்டும் என்பது அதன் விதி. 625 வரி முறையில் (அதில் படமாகத் தெரிபவை மேலே சொன்ன 576 வரிகள்) ஒரு வரிக்கு 864 அளவீடுகளும், 525 வரி முறையில் 858 அளவீடுகளும், இரண்டிலும் மீதமின்றி முழு எண்ணாகவே கிடைப்பதால் அந்த வேகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டிலும் படமாகப் பயன்படுவது 720 புள்ளிகள். இந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 720க்கு 576 என்ற படத்தை அப்படியே சதுரப் புள்ளிகளாகக் காட்டினால் முகங்கள் சற்று ஒடுங்கித் தெரியும். 4:3 விகிதத்துக்கு அது ஏறக்குறைய 768க்கு 576 என்று விரிக்கப்பட வேண்டும்.

கேப்சர் செய்யும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கருவியே உள்ளுக்குள் படத்தைக் கடுமையாகச் சுருக்கி அனுப்புகிறதா என்பது. மலிவான யுஎஸ்பி கருவிகளின் மென்பொருள்கள் பல, படம் வந்த கையோடு அதைக் குறைந்த பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு மிகக் குறைந்த தரவாக, சுருக்கிவிடுகின்றன. கேசட்டின் புள்ளி இரைச்சல் எந்த ஒழுங்கும் இல்லாதது. ஒழுங்கில்லாததைச் சுருக்குவது கடினம் என்பதால், இருக்கும் பிட்டுகளில் பெரும்பங்கை அந்த இரைச்சல் தின்றுவிட, முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. இரண்டாவது, விடுபடும் பிரேம்கள். ஒரு பிரேம் 40 மில்லிநொடி. சேதமான பகுதிகளில் ஒவ்வொன்றாக 25 பிரேம்கள் விடுபட்டு, ஒலி மட்டும் தொடர்ந்து பதிவானால், கடைசியில் பேச்சும் உதடும் ஒரு நொடி விலகி நிற்கும். படத்தின் அடிவிளிம்பில் கிழிந்த துணிபோல் சில வரிகள் தெரிவதைப் பார்த்துப் பலர் கேசட் பழுதாகிவிட்டதென்று அஞ்சுகிறார்கள். ஒரு ஹெட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கணத்தின் தடம் அது. அன்றைய தொலைக்காட்சித் திரைகள் விளிம்பை மறைத்ததால் யாரும் அதைப் பார்த்ததில்லை.

1995இல் வந்த மினிடிவி கேசட்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அதில் நாடா இருந்தாலும் பதிவாகியிருப்பது எண்களே. ஃபயர்வயர் கம்பி வழியாக எடுப்பது ஒரு கோப்பை நகலெடுப்பதைப் போன்ற வேலைதான். ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டு, ஒலியும் சேர்த்து மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும்.

நொடிக்கு 25 பிரேம் என்று இதுவரை சொன்னது பாதி உண்மை. கேமரா உண்மையில் நொடிக்கு 50 அரைப்படங்களை எடுத்தது: முதலில் ஒற்றைப்படை வரிகள், ஐம்பதில் ஒரு நொடி கழித்து இரட்டைப்படை வரிகள். கணினி இவ்விரண்டையும் ஒன்றாகக் கோத்துக் காட்டும்போது, அசையாத சுவர் சரியாகத் தெரியும். ஓடுகிற குழந்தையோ சீப்புப் பற்கள்போல் இரண்டாகப் பிளந்து தெரியும். இந்தப் பின்னலைப் பிரிப்பதற்கான எளிய வழி, ஓர் அரைப்படத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மற்றதை நீட்டுவது. அதில் அசைவின் சரளத்தில் பாதி போய்விடும். மேலான வழி, ஒவ்வோர் அரைப்படத்தையும் முழுப்படமாக வளர்த்து நொடிக்கு 50 பிரேம் ஆக்குவது. இல்லாத வரிகளை, அசைவில்லாத இடங்களில் முந்தைய அல்லது அடுத்த அரைப்படத்திலிருந்தும், அசையும் இடங்களில் மேல் வரியையும் கீழ் வரியையும் வைத்து ஊகித்தும் மென்பொருள் நிரப்புகிறது. எந்த அரைப்படம் முதலில் வந்தது என்பதைத் தவறாகச் சொல்லிவிட்டால், நடந்துபோகிறவர் ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னுமாக நடுங்குவார். விஎச்எஸ் கேசட்டிலிருந்து எடுத்த 625 வரிப் படத்தில் பெரும்பாலும் மேல் அரைப்படம் முதலில் வரும். மினிடிவியில் கீழ் அரைப்படம் முதலில் வரும். இரண்டையும் எடிட்டிங் மென்பொருளின் ஒரே டைம்லைனில் (காட்சிகளை வரிசைப்படுத்தும் பட்டையில்) கலப்பவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது.

எடிட்டிங்கில் பலருக்கு வியப்பளிப்பது, அங்கே எதுவுமே வெட்டப்படுவதில்லை என்பது. இந்தக் கோப்பின் இத்தனையாவது பிரேமிலிருந்து இத்தனையாவது பிரேம் வரை காட்டு, பிறகு அந்தக் கோப்புக்குப் போ, ஒளிர்வைச் சற்று ஏற்று என்ற கட்டளைகளின் பட்டியலே டைம்லைன். அதனால்தான் பல ஜிபி காட்சிகளைக் கொண்ட ஒரு திட்டக் கோப்பு சில எம்பியில் முடிந்துவிடுகிறது. மூலக் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் திரை முழுவதும் காட்சியைக் காணவில்லை என்ற அறிவிப்பு நிறைவதும் அதனால்தான்.

ஆனால் கைப்பேசியில் எடுத்த காட்சியை டைம்லைனில் இழுக்கும்போது நல்ல கணினியும் திணறுவதுண்டு. கைப்பேசிகள் காட்சியைச் சுருக்கப் பயன்படுத்தும், 2003இல் வந்த எச்.264 முறையும் 2013இல் வந்த எச்.265 முறையும் எல்லா பிரேம்களையும் முழுமையாக எழுதுவதில்லை. எப்போதாவது ஒரு முழுப் பிரேமை எழுதி, அதற்குப் பின்வரும் பிரேம்களில் என்ன மாறியது, எந்தக் கட்டம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டுமே குறித்து வைக்கின்றன. சில பிரேம்கள் தமக்கு முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் ஒருசேரச் சார்ந்திருப்பதால், கோப்பில் அவை இருக்கும் வரிசையும் திரையில் தோன்றும் வரிசையும் வேறு வேறு. எச்.264 கோப்புகளை எழுதும் எக்ஸ்264 குறியாக்கியின் இயல்பான அமைப்பில் இரண்டு முழுப் பிரேம்களுக்கு இடையே அதிகபட்சம் 250 பிரேம் வரை இருக்கலாம். அப்படிப்பட்ட கோப்பில் 240ஆவது பிரேமைக் காட்டு என்றால், மென்பொருள் முதல் பிரேமுக்குப் போய், அங்கிருந்து அது சார்ந்திருக்கும் அத்தனையையும் கணக்கிட்டு வர வேண்டும். பின்னோக்கி ஓட்டச் சொன்னால் இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். சிறிய அளவில், எல்லா பிரேமும் முழுமையாக இருக்கும்படி நகல் எடுத்து, அந்த பிராக்ஸியில் எடிட் செய்துவிட்டு, முடிவில் மூலக் கோப்புக்கு மாறிக்கொள்வதே இதற்கு வழி. மறுகுறியாக்கம் (மீண்டும் சுருக்கி எழுதுவது) இல்லாமல் வெட்டித்தரும் எளிய மென்பொருள்கள், நாம் கேட்ட இடத்தில் வெட்டாமல் சற்று முன்னுள்ள முழுப் பிரேமில் வெட்டுவதும் இந்தச் சார்பினால்தான்.

கைப்பேசிக் காட்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிச்சம் குறைந்தால் பல கைப்பேசிகள் பிரேம்களின் எண்ணிக்கையைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. ஒலியோ நொடிக்கு 48,000 அளவீடுகள் என்று மாறாமல் பதிவாகிறது. பிரேம் வேகம் நிலையானது என்று நம்பும் எடிட்டிங் மென்பொருளில், நேரம் ஆக ஆக ஒலி விலகிப் போகும். முன்கூட்டியே நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டால் போதும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் கழித்தல் முழுவீச்சில் நடக்கிறது. படம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் மென்மையான மாற்றங்கள், கூர்மையான மாற்றங்கள் என்று அலைகளின் தொகுப்பாக எழுதப்படுகிறது. கண் எளிதில் கவனிக்காத கூர்மையான அலைகளின் அளவுகள் தோராயமான முழு எண்களாக்கப்பட்டு, பெரும்பாலானவை பூஜ்யமாகின்றன. இந்தக் கணக்குக்கு அடிப்படையான கோசைன் உருமாற்றத்தை 1974இல் நசீர் அகமதுவும் இரு சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். எவ்வளவு கழிப்பது என்பதை பிட்ரேட்டாகச் சொல்வதைவிடத் தர எண்ணாகச் சொல்வதே வீட்டு வீடியோவுக்குப் பொருத்தம். எக்ஸ்264இல் சிஆர்எஃப் எனப்படும் அந்த எண்ணின் இயல்பு மதிப்பு 23, எண் குறையக் குறையத் தரம் கூடும், 18ஐ ஒட்டி மூலத்துக்கும் நகலுக்கும் வேறுபாடு காண்பது அரிது. அசையாத காட்சிக்குக் குறைவாகவும் நீர்வீழ்ச்சிக்கு அதிகமாகவும் பிட்டுகளை மென்பொருளே பங்கிட்டுக்கொள்ளும். எக்ஸ்போர்ட்டுக்கு முன் கேசட் இரைச்சலை லேசாகக் குறைத்தால் அதே எண்ணில் கோப்பின் அளவு வெகுவாகச் சுருங்கும். அளவுக்கு மீறிக் குறைத்தால் முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். என்னைக் கேட்டால் கொஞ்சம் இரைச்சலே மேல். கறுப்பு 16, வெள்ளை 235 என்ற வீடியோ அளவுகோலை 0 முதல் 255 வரையிலான கணினி அளவுகோலாகத் தவறாக எடுத்துக்கொண்டால் கறுப்பு வெளிறிச் சாம்பலாகும் என்பதால், வெளிவந்த கோப்பை வேறொரு திரையிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கேப்சர் செய்த மூலக் கோப்பை இதற்குப் பிறகும் அழிக்காமல் வைத்திருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. பின்னலைப் பிரிக்கும் முறைகளும் இரைச்சலைக் களையும் முறைகளும் தொடர்ந்து மேம்பட்டு வருகின்றன. பின்னலோடு இருக்கும் மூலம் கையில் இருந்தால்தான் அவற்றைப் பின்னாளில் பயன்படுத்த முடியும். 75 ஜிபியை அப்படியே வைத்திருக்கவும் தேவையில்லை. 2021இல் பொது ஆவணமாக வரையறுக்கப்பட்ட எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாச் சுருக்கமுறை, ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் அதை ஏறக்குறைய பாதியாக்கிவிடும்; அதன் மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு பிரேமின் துண்டுகளுக்கும் சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து எழுதுவதால், ஆண்டுகள் கழித்து ஹார்ட் டிஸ்கில் ஒரு பிட் கெட்டிருந்தாலும் எந்த பிரேமில் கெட்டது என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.